கால் நனைக்காத கடல்

அன்புள்ள அப்பாவுக்கு, ராம்கி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

வெள்ளிக்கிழமை ரூம் நண்பர்களோடு மஸ்கட்டைத் தாண்டிப் போனேன். பாறைகளுக்குப் பின்னால், ஆளே இல்லாத குட்டிக் கடற்கரை ஒன்றைக் கண்டுபிடித்தோம். எல்லோரும் தண்ணீரில் குதித்தார்கள். நான் மட்டும் மணலிலேயே நின்றேன்.

“காவிரிக்கரைக்காரனுக்குத் தண்ணின்னா பயமாடா?” என்று நாகூர் தாவூது சிரித்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் எனக்கு லீவு கிடைக்காததால், திருவையாற்றில் அம்மாவின் அஸ்தியை நீங்கள் தனியாகத்தானே கரைத்தீர்கள்? காவிரி கடலுக்குத்தானே போகிறது? அதில் எப்படிக் கால் வைப்பேன், அப்பா? குனிந்து கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அம்மா போட்ட நார்த்தங்காய் ஜாடியில் மிச்சமிருந்தால் ஊரிலிருந்து இங்கே வரவிருக்கும் தாவூதின் அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள். இல்லையென்றால் கடையில் வாங்க வேண்டாம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. இதோடு வைத்திருக்கும் கடற்கரை போட்டோவில் என் கண் சிவந்திருப்பது உப்புத் தண்ணீரால்தான்.

ராம்கி