பிடுங்க இருந்த மஞ்சள் வயலட்

மே 6, புதன்
காலை தூறல், பிறகு வெளித்தது. காலைச் சாப்பாட்டுப் பாண் முடிந்துவிட்டது. உடுப்பு மடிக்கவில்லை.

இவரை வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டுக்கு இழுத்துப் போனேன். கண் மங்கி லைசன்ஸ் போனதிலிருந்து இவர் வெளிக்கிடுவதில்லை. வலது கண்ணில் பார்வையே இல்லை. இடதில் வெளிச்சம் மட்டும்.

மேப்பிள் மரங்களின் கீழ் சிறிய மஞ்சள் பூக்கள். இதய வடிவ இலை. சுற்றிலும் செம்மஞ்சள் ரிப்பன். வெளிநாட்டுக் களைப்பூண்டாம், படர்ந்து காட்டையே மூடிவிடுமாம். சனிக்கிழமை தொண்டர்கள் பிடுங்குவார்கள் என்று அறிவிப்பு. இது அந்தப் பூண்டுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

மே 7, வியாழன்
வெயில். பல் டாக்டர் 2.30. பிறகு நூலகத்தில் பூக்கள் பற்றிய புத்தகம்.

அந்தப் பூண்டு: இதழ் எட்டு, அதற்கு மேலும், மினுக்கம், தண்டு வழவழப்பு.
இந்த மண்ணின் மஞ்சள் வயலட் பூ: இதழ் ஐந்து, கீழ் இதழில் கபில நிறக் கோடுகள், பூவும் இலையும் ஒரே தண்டில், தண்டில் மெல்லிய மயிர்.

மாலை திரும்பவும் போனோம். இதழ் ஐந்து. கோடும் உண்டு. மயிர்தான் தெரியவில்லை, வாசிக்கிற கண்ணாடி வீட்டில். இவர் ஈரத்தில் குந்தி, தண்டை இரு விரலால் தடவினார். நெடுநேரம்.

"மயிர் இருக்கு. பூனைக்குட்டியின்ரை காது மாதிரி."

நிச்சயமோ என்று கேட்டேன். ஓம் என்றார்.

மே 9, சனி
குளிர்காற்று. நாங்கள் போகும்போதே ஒரு மூலை பிடுங்கியாயிற்று. குழுவை நடத்தும் பிள்ளை தமிழ், இங்கே பிறந்தவள். பூக்க முன்னமே இலையை வைத்து ரிப்பன் கட்டினார்களாம். இவர் போய் நடுவில் நின்றுவிட்டார்.

"அங்கிள், ப்ளீஸ், கொஞ்சம் மூவ் பண்ணுங்கோ."

"கையுறையைக் கழட்டிப்போட்டுத் தொட்டுப் பார், பிள்ளை."

தொட்டாள். பிறகு முழங்காலிட்டுப் பூ, இலை எல்லாம் பார்த்தாள். மற்றவர்களை நிறுத்தச் சொன்னாள். ரிப்பனை அவளே அவிழ்த்தாள்.

வேரோடு வந்தவற்றைத் திரும்ப நட்டார்கள். பிழைக்குமோ தெரியாது. உண்மையான பூண்டு ஓடைக்கரையில் நிறைய. அங்கே இவர் பை பிடித்தார். மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மே 10, ஞாயிறு
மழை. அன்னையர் தினம். யூனியன்வில்லிலிருந்து மகள் அழைத்தாள். எனக்கு வாழ்த்து, பிறகு ஃபோன் இவரிடம். வழக்கமாக "சுகம்" என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுவார். இன்று முழுக்கதையும் சொன்னார்.

"நல்ல மஞ்சள். கீழ் இதழிலை கபிலக் கோடு. நான் பாத்தனான்."

அடுப்பில் உலை கொதித்தது. போய் அரிசியைப் போட்டேன்.