கழித்துவிட்ட உப்பு

செப். 2, செவ்வாய்
புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. எம்.எஸ்சி. பிராஜெக்ட்: கிணற்றுநீரின் உப்புக்கும் நெல் விளைச்சலுக்கும் தொடர்பு உண்டா. ஏரிப்பாசனத்துப் பாகூர் ஒன்று, கடலோரத்தில் எங்கள் பூரணாங்குப்பம் ஒன்று. பாகூரில் காணிக்கு இத்தனை மூட்டை என்றார்கள், இங்கே ஏக்கருக்கு. மாற்றிப் போட அலுப்பு. அந்தந்த ஊர்ச் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, இசட் ஸ்கோர் ஆக்கினால் அளவு வம்பே இல்லை. ஆக்கினேன். வரைந்தால் புள்ளிகள் சிந்திய கோலமாவு மாதிரி. சாய்வே இல்லை. தொடர்பு கிட்டத்தட்டப் பூஜ்யம்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இன்னா சொல்லுது?"

"உப்புக்கும் விளைச்சலுக்கும் சம்பந்தம் இல்லையாம்."

"அப்போ நம்ம போர் உப்புத் தண்ணியிலயே நெல்லு வைக்கலாம்னு சொல்லு."

சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து மாமாங்கம் ஆகிறது.

செப். 4, வியாழன்
வாங்க: சோப்பு, தேங்காய், அண்ணிக்கு மாத்திரை. அண்ணன் போர் தண்ணீரை நம்பி நாற்றங்கால் விதைத்துவிட்டான். அவனைச் செக்யூரிட்டி வேலைக்குக் கூப்பிட்ட கம்பெனிக்கு, வரவில்லை என்று சொல்லியாயிற்று. அண்ணி: "தங்கச்சி படிச்சது வீண் போவலன்னு ஊரெல்லாம் சொல்லினு இருக்காரு." அந்த வரைபடத்தை மறுபடி திறந்து வைத்தேன்.

செப். 9, செவ்வாய்
மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. காணியை ஏக்கராக்கி, மூல எண்களையே வரைந்து பார்த்தேன். இரண்டு கும்பல். மேலே இடப்பக்கம் பாகூர்: நல்ல தண்ணீர், நல்ல விளைச்சல். கீழே வலது மூலையில் நாங்கள். நடுவே செங்குத்தான சரிவு. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே சராசரி வைத்திருந்தால் இசட் ஸ்கோரிலும் இதே சரிவுதான். ஊருக்கு ஊர் தனியாகக் கழித்ததில் இரண்டும் பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. நான் கழித்தது கடல் உப்பை. முட்டாள். முட்டாள்.

கைடுக்குப் போன். "பரவால்லமா, பழசையே குடுத்துடு. டைம் இல்ல."

அண்ணனிடமும் சொன்னேன். "அன்னிக்கி ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணா?" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

செப். 21, ஞாயிறு
வெயில். துணி துவைக்கவில்லை. கம்பெனியில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று, அண்ணிதான் சொன்னாள். நாற்று நுனியெல்லாம் கருகி வருகிறது. இனி எதுவும் செய்ய முடியாது, எனக்குத் தெரியும். அண்ணன் வரப்பில் யூரியா வாளியோடு.

"உப்புதாண்ணா அது," என்றேன்.

வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

"உப்பு இல்லடி. நீதான சொன்ன."