வெந்நீர் வருகிறது

பெல்ஃபோர்ட், அலபாமா
1993 மே 9

அன்புள்ள அப்பாவுக்கு,

டெஸ்மண்ட் எழுதுவது. நான் நலம். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. டெட்ராய்ட்டில் நீங்கள் இன்னும் கோட்டை மாட்டிக்கொண்டுதான் திரிகிறீர்கள் என்று கொரின் அக்கா சொன்னாள். முழங்காலுக்கு மருந்து தடவுகிறாரா என்று கேட்டேன். "என் பேச்சை என்னைக்குக் கேட்டிருக்கார், இன்னைக்குக் கேக்க?" என்றாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டரங்கக் குழு உங்களுக்குப் பலமுறை எழுதிவிட்டது. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஊர் அணியின் ஆட்டம் தொடங்குவதற்கு முன், பழைய ஹெரான்ஸ் அணியில் இன்னும் உயிரோடு இருப்பவர்களை மைதானத்துக்கு அழைத்து மரியாதை செய்யப்போகிறார்கள். கறுப்பர்களைத் தனி லீகில் ஒதுக்கி வைத்த காலத்தில் பேஸ்பால் ஆடியவர்களுக்கு இந்த ஊர் ஒரு பலகைகூட வைத்ததில்லை. இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது. விமானச் சீட்டு அவர்கள் செலவு. உங்கள் சட்டை அளவு வேண்டுமாம். உடை மாற்றும் அறையில் உங்கள் அலமாரி எது என்று தெரிய வேண்டுமாம். அதை அந்தக் காலத்தில் இருந்தபடியே செய்து, மேலே உங்கள் பெயரையும் ஆடிய இடத்தையும் "எல்பர்ட் கிரீர், ஷார்ட்ஸ்டாப்" என்று எழுதி வைக்கப்போகிறார்கள். நீங்கள் அதிலிருந்து சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்து வர வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஏன் இத்தனை பிகு?

நான் இந்த நகராட்சியில் தண்ணீர், வடிகால் பொறியாளன். அந்த அரங்கத்தின் குழாய் வேலை முழுவதும் என் தலையில். குழுத் தலைவர் கார்லைல் தினமும் என் மேசைக்கு வந்து, "உங்கப்பா என்ன சொன்னார்?" என்கிறார். அதிகம் பேசாத மனிதர் என்று சமாளிக்கிறேன். பிடிவாதக்காரர் என்று ஊரார் முன்னால் சொல்ல முடியுமா?

இன்னொன்று. உங்கள் வீட்டுக் கீழறைக் குளியலறையில் வெந்நீர் பாதியில் நின்றுபோகிறதாம், அக்கா சொன்னாள். நிற்காமல் என்ன செய்யும்? அந்தக் கொதிகலன் சாதாரண மனிதர்கள் குளிப்பதற்காகச் செய்தது. நீங்கள் வேலைக்குப் போன காலத்தில் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் ஒரு குளியல், சாப்பாட்டுக்கு முன் இன்னொன்று. அம்மா இருந்தபோதே கதவை இடித்து, "ஏரியில கொஞ்சம் தண்ணி மிச்சம் வைங்க, மீனுங்க பாவம்" என்று கத்துவாள். பெரிய கொதிகலனாக வாங்குங்கள். இல்லையென்றால் சீக்கிரம் வெளியே வரப் பழகுங்கள்.

இந்தத் தடவையாவது பதில் போடுங்கள்.

உங்கள் மகன்,
டெஸ்மண்ட்


1993 ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் தபாலட்டை கிடைத்தது. "எந்த அலமாரின்னு லெம்கிட்ட கேளு." ஒரே வரி. நலமா என்றுகூட இல்லை.

ஹெரான்ஸில் உங்களோடு ஆடியவர்தான் என்றாலும், நான் லெம் மாமாவிடம் உடனே போகவில்லை. மனிதர்களைவிட வரைபடத்தை நம்புகிறவன் நான். நகராட்சிக் கிடங்கிலிருந்து அரங்கத்தின் பழைய வரைபடங்களை எடுத்து விரித்தேன். உடை மாற்றும் அறை, குளியல் வரிசை, கொதிகலன் அறை, எல்லாம் இருந்தன. யாருக்கு எந்த அலமாரி என்று எந்த வரைபடத்தில்தான் போடுவார்கள்? கடைசியில் அவருடைய தூண்டில் கடைக்குப் போனேன். மண்புழுவை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தவர், நான் கேட்டதும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு.

"அலமாரியா? டேய் தம்பி, அந்த ரூம் கதவுல என்ன பூட்டு தொங்குச்சுன்னு கேளு, வரைஞ்சே காட்டுறேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கெப்படிடா தெரியும்?"

வெள்ளைக்காரர் அணி வெளியூர் போகும் நாட்களில்தான் ஹெரான்ஸுக்கு மைதானம் வாடகைக்குக் கிடைக்குமாம். வாடகை புல்லுக்கும் மண்ணுக்கும் மட்டும். அறைக்கு இல்லை. உள்ளே ஆளே இல்லாவிட்டாலும் கதவு பூட்டியே இருக்குமாம். பியூலா அம்மாவின் தங்கும் வீட்டில் சீருடை போட்டுக்கொண்டு, ஆணி அடித்த காலணியோடு சீடர் தெரு முழுக்க நடந்தே மைதானத்துக்குப் போவார்களாம். "லாடம் அடிச்ச குதிரைங்க மாதிரி டக்கு டக்குன்னு போவோம். அந்தச் சத்தம் கேட்டாத்தான் ஜனங்களுக்கு இன்னைக்கு ஆட்டம்னு தெரியும்" என்றார். ஆட்டம் முடிந்ததும் அதே வேர்வை, அதே செம்மண்ணோடு பேருந்தில் ஏறி அடுத்த ஊர். இதையெல்லாம் ஒரு நாளாவது நீங்கள் வாயைத் திறந்து சொன்னதுண்டா?

"உங்கப்பன் பக்கம் போன பந்து அவனைத் தாண்டிப் போனதா சரித்திரமே இல்ல. வாய்தான் கிடையாது பாவிக்கு" என்றவர், பிறகு அந்த ஆட்டத்தைச் சொன்னார். நீங்கள் சறுக்கி விழுந்து கடைசித் தளத்தைத் தொட்டு ஜெயித்தது. தொடை கிழிந்து உள்ளே மண் ஏறியது. கழுவத் தண்ணீர் கேட்டபோது காவலாளி அறையைத் திறக்காதது. கறுப்பர் இருக்கைகளுக்குப் பின்னால் சுவரில் இருந்த ஒரே குழாயின் கைப்பிடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. நீங்கள் அப்படியே மெம்ஃபிஸ் வரை பேருந்தில் போனது. மறுநாள் ஆடவும் ஆடியது.

அந்தத் தழும்பு தொழிற்சாலை இயந்திரத்தில் பட்டது என்று எங்களிடம் சொன்னீர்கள்.

திரும்பி வந்து அந்தச் சுவரைப் பார்த்தேன். குழாய் இருக்கிறது. பித்தளை, பச்சை பூத்துப்போய், கைப்பிடி இல்லாமல். போன மாதம் நானே அதைப் பார்த்து "பயனற்றது, அகற்றவும்" என்று வரைபடத்தில் குறித்திருக்கிறேன்.

கார்லைலிடம் போய், என் அப்பா அந்த அறைக்குள் கால் வைத்ததே இல்லை, அலமாரியைத் தூக்கி எறியுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். முகமெல்லாம் வாடிப்போய், "ரொம்ப வருத்தமான விஷயம் டெஸ்மண்ட். ஆனா அன்னைக்குக் குடும்பம் குடும்பமா வருவாங்க, குழந்தைங்க வரும், சந்தோஷமா இருக்கட்டுமே. அலமாரிக்கு வார்னிஷ்கூட அடிச்சாச்சு" என்றார். கால் வைத்ததே இல்லை என்று மறுபடியும் சொன்னேன். "இப்ப வைக்கலாமே!" என்றார். நல்ல பதில் சொல்லிவிட்ட பூரிப்பு அவர் முகத்தில்.

வரச் சொல்லி இனி நச்சரிக்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்மண்ட்


1993 ஆகஸ்ட் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று உங்களுக்கு மரியாதை செய்துவிட்டார்கள். நீங்கள் இல்லாமலே ஜோராக நடந்தது. உங்கள் பெயரை ஒலிபெருக்கியில் தப்பாக உச்சரித்தார்கள். உங்கள் அலமாரி முன்னால் நின்று ஜனங்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ குடித்து முடித்த சோடா டப்பாவை அதற்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

லெம் மாமா வந்தார். எப்படி வந்தார் என்பதைக் கேளுங்கள். பியூலா அம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. அந்தக் கடைக் கழிப்பறையில் சீருடை போட்டுக்கொண்டு, ஆணிக் காலணியோடு சீடர் தெரு முழுக்க நடந்து வந்தார். இந்த வயதில், அந்த வெயிலில். நான் வாசலில் நின்றிருந்தேன். ஆள் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டது. கார்லைல் ஓடிவந்து, "ஐயா, போட்டோக்காரங்க உள்ள காத்திருக்காங்க, ரூமுக்குள்ள வந்துல்ல மாத்தணும்!" என்றார். "மாத்திட்டுத்தாம்ப்பா வந்திருக்கேன். எப்பவும் அப்படித்தான் வருவோம்" என்று சொல்லிவிட்டு லெம் மாமா நேராக மைதானத்துக்குள் போனார்.

அங்கே பழைய ஞாபகத்தில், தான் அன்று ஆடிய கேட்சர் இடத்தில், பந்து பிடிக்கக் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் மடங்கிக் குப்புற விழுந்தார். முகம், கை, சட்டை, எங்கும் செம்மண். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவரும் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். வேறு என்ன செய்வார்?

வெளியே வந்ததும் கார்லைலிடம், "கொஞ்சம் மூஞ்சி கழுவிக்கிறேனே" என்றார். கார்லைல் கையைப் பிசைந்தார். இப்போது அணி உள்ளே தயாராகிக்கொண்டிருக்கிறது, ஆட்டத்துக்கு முன் வெளியாட்களை விடக்கூடாது என்று விதி, மூன்றாவது வரிசை இருக்கைகளுக்குப் பின்னால் பொதுக் கழிப்பறை இருக்கிறது என்றார். அத்தனை பணிவாகச் சொன்னார், அப்பா. லெம் மாமா என்னைப் பார்த்தார். "விடுடா தம்பி. பூட்டு மட்டும்தான் மாறியிருக்கு" என்றார்.

நான் கார்லைலைப் பார்த்து என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். வேலை இன்னும் இருக்கிறது, அது போதும். லெம் மாமாவை என் காரில் கூட்டிப்போனேன். ஏறுவதற்கு முன் இருக்கையில் செய்தித்தாளை விரித்தார். அதெல்லாம் வேண்டாம் என்றேன். "பழக்கம்" என்றார்.

இப்போது நான் எழுத வந்தது. செப்டம்பரில் ஆட்டங்கள் முடிகின்றன. அக்டோபரில் அந்த அறைகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். இடைப்பட்ட நாட்களில் அங்கே யாருக்கும் வேலை இல்லை. தண்ணீரை நிறுத்திக் குழாய்களைக் கழற்றுவது என் பொறுப்பு என்பதால் சாவி என்னிடம் மட்டும் இருக்கும்.

தண்ணீரை நான் உடனே நிறுத்தப்போவதில்லை. கொதிகலன் பழசு, ஆனால் பெரியது, ஒரு முழு அணிக்காகச் செய்தது. இன்று காலை ஓட்டிப் பார்த்தேன். வெந்நீர் வருகிறது. பாதியில் நிற்கவில்லை. அந்தச் சுவர்க் குழாய்க்கும் ஒரு கைப்பிடி பொருத்தியிருக்கிறேன். திறக்கிறது.

கார்லைல் இருக்க மாட்டார். போட்டோக்காரர்கள் இருக்க மாட்டார்கள். அந்த அலமாரியை நானே வெளியே போட்டுவிடுகிறேன். லெம் மாமாவிடம் சொல்லிவிட்டேன். "உங்கப்பன் வந்தா நானும் வர்றேன். ஆனா சோப்பு அவன் செலவு" என்கிறார். டெட்ராய்ட்டிலிருந்து விமானச் சீட்டு இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. குழு கொடுத்தது இல்லை, நான் வாங்கியது.

முன்கதவைத் திறந்து வைத்திருப்பேன். நான் பின்னால் கொதிகலன் அறையில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், உள்ளே வர மாட்டேன். உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் குளியுங்கள் அப்பா. யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

வாருங்கள்.

உங்கள் மகன்,
டெஸ்மண்ட்