விருந்தினர் இன்னும் வரவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், எனக்கு முட்டிவலியைத் தவிர குறை ஒன்றும் இல்லை. வாராவாரம் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று கடுதாசி போடுகிறாரே என்று நினைப்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே எப்படிப் பேசுவது. அவளும் உன்னிடம் சாப்பிட்டியா, குளிர் எப்படி இருக்கு, மாப்பிள்ளையைக் கேட்டதா சொல்லு என்று மூன்றே வார்த்தை பேசிவிட்டு போனை என் கையில் கொடுத்துவிடுகிறாள், நீயும் அம்மா நல்லாத்தானே இருக்காங்க என்கிறாய், நான் ம் கொட்டிவிட்டு வைத்துவிடுகிறேன். கொஞ்சம் ஞாபகமறதி என்று சொல்லியிருந்தேனே, அது இப்போது கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிற அளவில் இல்லை அம்மாடி, டாக்டரிடமும் காட்டிவிட்டேன்.

அம்மா வேலை பார்த்த ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் தாங்கள் செய்ததை எல்லார் முன்னாலும் காட்டுகிற கூட்டம் நடக்குமே, நீகூட தீப்பெட்டியில் ரயில் செய்துகொண்டு போய் மேடை ஏறும்போதே உடைத்துவிட்டு அழுதாயே, அதேதான், இந்தத் தடவை அதற்கு அம்மாவையே விருந்தினராகக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை வீட்டுக்கே வந்து கூப்பிட்டாள், அம்மாவிடம் வேலை பழகிய பெண். அவளை வாசலில் தனியாக நிறுத்தி நிலைமையைச் சொன்னேன், பரவாயில்லைங்க சார், பிள்ளைங்க நடுவுல இருந்தா டீச்சருக்கு நல்லாத்தான் இருக்கும் என்றாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை, அந்தக் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடமாட்டாளா என்று. கிழவனுக்கு வந்த ஆசையைப் பார்.

அன்றைக்குக் காலையில் அவளே எழுந்து துணியைத் தேய்த்து உடுத்திக்கொண்டு, என்னைச் சீக்கிரம் கிளம்பச் சொல்லி விரட்டினாள், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடத்தில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி, பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள், மைக் வழக்கம்போல வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. மேடையில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று. தலைமை ஆசிரியை அதில் உட்காரச் சொன்னதும் அம்மா, இது விருந்தாளிக்குப் போட்டதாச்சே, அவங்க வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க என்று சொல்லிவிட்டு நேரே போய் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள், சர்வீஸ் முழுக்க அவள் நின்ற இடம் அது. நீங்கதான் டீச்சர் விருந்தாளி என்று அந்தப் பெண் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள், கடைசியில் அம்மாவிடமிருந்து, முதல்ல நீ வரிசையில நேரா நில்லு என்று ஒரு அதட்டல்தான் கிடைத்தது. பாவம், தலைமை ஆசிரியையும் சரிங்க டீச்சர் என்று நேராக நின்றாள்.

வரவேற்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளின் வேலையைக் காட்டச் சொன்னார்கள். காற்றாடி செய்தவன், தன் தெருவைப் பற்றி எழுதி வாசித்தவள் எல்லாம் போனபிறகு, ஒரு பொடிசு டம்ளரில் ஈரப் பஞ்சும் அதன்மேல் பயறும் வைத்து எடுத்துவந்து, என்னோடது முளைக்கல என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றது. அம்மா நின்ற இடத்திலிருந்தே, முளைக்காததையும் கொண்டுவந்து காட்டினியே, அதுக்குத்தான் பெரிய கைதட்டல் என்றாள், கூடமே தட்டியது. அந்த நிமிஷம் இவளுக்கு ஒன்றுமே இல்லை, டாக்டர்தான் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். நான் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றுதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன், மேடைக் கூட்டமெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது என்று உனக்குத் தெரியும்.

அப்போதுதான் அம்மா, இவ்வளவு நேரமாச்சு இன்னும் காணோமே என்று முணுமுணுத்துக்கொண்டு கதவுப்பக்கம் வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. என்னைத் தேடித்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வாங்க சார் வாங்க, பிள்ளைங்க எல்லாம் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க, வழியில சிரமமா இருந்துச்சா என்றாள். கேலி செய்கிறாள் என்றுதான் முதலில் பட்டது, அவள் செய்யாத கேலியா. கண்ணைப் பார்த்தேன், கேலி இல்லை. என் கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் பாடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தபடி பிள்ளைகள் வரவேற்புப் பாட்டைப் பாடிவிட்டார்கள், காகிதப் பூங்கொத்தோடு வந்த குழந்தை யாரிடம் கொடுப்பது என்று திருதிருவென்று விழித்து என்னிடமே நீட்டியது. அம்மா மைக்கைப் பிடித்து, நம்ம விருந்தினர் ரொம்ப தூரத்துல இருந்து நமக்காக வந்திருக்கார், அவர் பேரு என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். என் பக்கம் குனிந்து, மன்னிச்சுக்குங்க, உங்க பேரு என்ன என்று மெல்லக் கேட்டாள். சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து ஏங்க என்பதைத் தவிர வேறெப்படியும் என்னைக் கூப்பிட்டதில்லை, அன்றைக்குத்தான் முதன்முதலாக என் பெயரை வாய் நிறையச் சொன்னாள், பின்னால் ஒரு சார் சேர்த்து. நான் அழுததைப் பார்த்து பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

அதிலிருந்து வீட்டிலும் அப்படித்தான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு என்னைத் திட்டினால் அன்றைக்கு நல்ல நாள். மற்ற நாளில் நல்ல கோப்பையில் காப்பி கொடுத்து, வீடு கிடக்கிற கிடப்பைத் தப்பா நினைக்காதீங்க என்கிறாள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள். நாளைக்குத்தான் என்கிறேன். இது கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருஷ லீவுக்கு வருகிறேன் என்று நீ சொன்னபோது சரி என்றேன், இனி அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, இப்போதே வா. சில சமயம் உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் பெயர் சொல்லிப் பேசுகிறாள், அந்த ஞாபகம் இருக்கும்போதே வந்துவிடு. வந்து நிற்கும்போது உன்னையும் யாரோ என்று வரவேற்றால், அம்மா நான்தான் என்று உலுக்காதே, மிரண்டுபோகிறாள். காட்டுகிற நாற்காலியில் உட்கார், கொடுக்கிற தண்ணீரைக் குடி. பெயரைக் கேட்டால் சொல், அது அவள் வைத்த பெயர்தான் என்று அப்போது நினைக்காதே, குரல் உடைந்துவிடும்.

நீங்கள் இருவரும் ஒருவர்க்கொருவர் துணையாக, சிரித்த முகத்தோடு நெடுநாள் வாழவேண்டும். டிக்கெட் போட்டதும் தேதியை எனக்கு மட்டும் எழுது. போனில் வாய்தவறி அம்மாவிடம் சொல்லிவிடாதே, விருந்தாளி வருகிறார் என்று அன்றைக்கே போய் வாசலில் நிற்பாள், உள்ளே கூப்பிட்டால் வரமாட்டாள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா