தெரிந்தும் தப்பாக எழுதினேன், மாமா

அன்பு மாமா,

நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நான் பிறந்தது கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில். அதற்குச் சில வருடம் முன்பே, இலங்கையில் போரில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆனாலும் கனவில் வருகிறீர்கள்: பதினேழு வயது, விரலெல்லாம் சாக்பீஸ் தூள். அம்மா தூங்கிவிட்டாள். தகர இடுக்கில் உருக்காலையின் சிவந்த வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் பத்தாம் வகுப்புக்கு ஜூனிலிருந்து கணக்கு டீச்சர் இல்லை. தமிழ் மிஸ் கைடைப் பார்த்து விடைகளைப் பலகையில் எழுதுவார். நாங்கள் பார்த்து எழுதுவோம். பின் பெஞ்சில் சிலருக்கு வாய்ப்பாடே தெரியாது. நோட்டு நிறைந்தால் போதும். குண்டு விழுந்த மறுநாளும் உங்களுக்கு மரத்தடியில் பாடம் நடந்ததாம். இங்கே கூரை இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது. பாடம் எங்கே போனது, மாமா?

இன்று பலகையில் இருந்த விடை தப்பு. தெரிந்தும் அப்படியே எழுதினேன். அம்மாவின் கட்டளை அது. "பள்ளிக்கூடத்துக்கு வந்த இயக்கக்காரர் கணக்கு ஆருக்கு நல்லா வருமெண்டு கேக்க, உன்ர மாமாதான் முதல் எழும்பி நிண்டவன். சண்டைக்கெண்டு ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். நீ தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இரு, பிள்ளை."

உங்களோடு சேர்த்து ஏழு பேர் எழுந்தீர்களாம். ஒருவர்தான் திரும்பினார். மற்ற ஆறு பேரும் இருந்திருந்தால் என்னவெல்லாம் ஆகியிருப்பீர்கள்? சில இரவுகளில் நீங்கள் ஆறு பேரும் எங்கள் வகுப்பு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறீர்கள்.

இன்று வகுப்பில் பக்கத்தில் இருந்த சந்தியா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "இன்னாடி, அங்கயே பாத்துக்கினு கீற? தப்பா போட்டுக்கீறாங்களா?" நான் தலையாட்டியதுதான் தாமதம், மிஸ்ஸிடம் சொல்லிவிட்டாள். மிஸ் கோபப்படவில்லை. கைடை மூடினார்.

"எனக்கே புரியலம்மா. நாளையிலேருந்து நீ வந்து போடு."

வகுப்பில் முகாம் பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். எப்படியும் அம்மா காதுக்குப் போய்விடும். பலகை எனக்குப் பயமில்லை. அம்மாவின் முகத்தை நினைத்தால்தான் பயம். ஆனால் நான் தெரியாத மாதிரி இருந்ததால் சந்தியாவும் அந்தத் தப்பைத்தானே எழுதி வைத்திருக்கிறாள்?

காலையில் நானே அம்மாவிடம் சொல்வேன். பிறகு போய்க் கணக்கைப் போடுவேன். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். மறுநாளும், அதற்கு மறுநாளும். எழுந்து நின்ற பிள்ளை வீடு திரும்புவதை எத்தனை நாள் பார்த்தால் அம்மாவின் பயம் போகுமோ, அத்தனை நாளும் திரும்பி வருவேன், மாமா.

நீங்கள் தூக்கிப் பார்க்காத
உங்கள் அக்கா மகள்