முந்தின நாள் ரிசப்ஷன்

ஏங்க,

கரும்புக்குத் தண்ணி கட்டிட்டு வந்ததும் இதப் படிங்க. நானும் சுதாவும் கள்ளக்குறிச்சி வக்கீலம்மாவ பாக்கப் போறோம். பொண்ணு மாப்ளகிட்ட போற விசா கெடைக்கலன்னா வுட்டுத் தொலைன்னு நேத்து சொன்னீங்க. நான் வுடறதா இல்ல.

தாலி கட்டுனது பதினொண்ணாந்தேதி. மாலையும் கழுத்துமா நிக்கிற போட்டோவுல பத்தாந்தேதி. கல்யாணத்துக்கு முன்னாடியே எப்படி ஜோடியா நின்னாங்கன்னு சந்தேகப்பட்டுத்தான் விசாவ மறுத்துட்டாங்க. நாம முந்தின நாள் சாயங்காலமே ரிசப்ஷன் வெக்கிறது அந்த நாட்டுக்காரங்களுக்கு இன்னா தெரியும்? அத விளக்கி அப்பீல் பண்ணலாம்னு வக்கீலம்மா சொல்றாங்க. பெத்தவங்க கையெழுத்து மட்டும் பத்தாதாம். மேடையில கூட நின்னவங்க சாட்சி சொல்லணுமாம்.

போட்டோவுல சுதா பக்கத்துல நிக்கிறது உங்க தம்பி தீனதயாளன். உங்களக் கேக்காமதான் போன் பண்ணேன். மறுபேச்சு பேசாம வரேன்னுட்டாரு.

சாவி மீட்டர் பொட்டி மேல இருக்கு. கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு. எங்களுக்கு பேப்பர் டைப் அடிச்சு முடிக்க நேரமாவும். தம்பி கையெழுத்து போட்டுட்டு முன்னாடியே நம்ம வூட்டுக்கு வந்துடுவாரு. அன்னிக்கு உங்ககூட சண்ட போட்டுக்கினு ரிசப்ஷன்ல சாப்டாமப் போனவரு. நீங்களே இலை போட்டு பரிமாறுங்க.