ஏழாம் நம்பர் ஆட்டின் நெஞ்சு

4 மார்ச் 1985, திங்கள்
லூயிசுக்கு இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டதாம். சுங்கை சிப்புட்டில் லாரியை ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "வெறும் காத்துதான் லா, கெர்ட்ரூட், ஏப்பம் விட்டா போயிரும்." அவர் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று பிடிவாதம். ஈப்போ ஆராய்ச்சிக்கூடத்தில் தினம் ஆடுகளுக்கு இதயப் பதிவு எடுக்கிறேன். கட்டியவருக்கு எடுக்க வழியில்லை.

6 மார்ச்
எடுத்துவிட்டேன். ஆட்டுக்குப் புல்லுக்கட்டு இறக்க வந்தவருக்கு அங்கேயே படபடப்பு. எங்கள் டாக்டர் ஜெயபாலன் சாப்பிடப் போயிருந்தார். ஆட்டு மேசையில் படுக்கவைத்து, ஆட்டுக் கிளிப்பையே மாட்டினேன். "ஆட்டுப் புழுக்கை வாடை அடிக்குது" என்றார். வாயை மூடச் சொன்னேன். நம்பர் இல்லாமல் காகிதம் இருக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். கொட்டிலில் நின்ற ஏழாம் ஆட்டின் நம்பரைப் போட்டேன். நாளை டாக்டரிடம் நயமாகக் கேட்க வேண்டும்.

7 மார்ச்
கேட்கவே விடவில்லை. என் மேசையில் அவரே பார்த்துவிட்டார். "ஏழாம் நம்பருக்கு நிமிஷத்துக்கு நூத்தித் தொண்ணூறா? லட்சத்துல ஒரு ஆடு இது." காலின் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் கம்பியை விட்டு, ஒரே மின்னதிர்ச்சியில் துளி சதையைச் சுட்டு, தாறுமாறாக ஓடும் நெஞ்சை அடக்க முடியுமா என்பதுதான் எங்கள் சோதனை. இதுவரை நல்ல ஆடுகள்தான். இப்போது நோயாளி ஆடே கிடைத்துவிட்டதாம். கோலாலம்பூர் மேலிடத்துக்குப் போன் போட்டுவிட்டார். ஆண்டவரே.

8 மார்ச்
டாக்டர் மூன்று முறை பதிவு எடுத்தார். எண்பதுதான். "கூச்சப்படுது" என்கிறார். ஏழு அசைபோடுகிறது.

11 மார்ச்
சொல்லிவிட்டேன். "டாக்டர், அது ஆடு இல்ல. என் வீட்டுக்காரரு."
வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். "வயசு?" என்றார். நாற்பத்தாறு. "மயக்கம் போட்டிருக்காரா?" ஒரு தடவை. அதற்குப் பிறகுதான் திட்டினார். அதை இங்கே எழுத மாட்டேன். "உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. லாரி ஓட்டக் கூடாது." கோலாலம்பூர்க்காரர்களிடம் ஆடு குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டாராம்.

12 மார்ச்
"என்னைய ஆட்டுப் பொஸ்தகத்துலயா எழுதுன?"
அதுதான் அவருக்குப் பெரிதாகப் போயிற்று. ஆட்டு டாக்டரிடம் வரமாட்டாராம். அவர் மனுஷ டாக்டர் என்றேன். "அப்பறம் ஏன் ஆட்டப் பாக்குறாரு?" நீங்க போயிட்டா நான் யாரோட சண்ட போடுவேன் — அழுதுவிட்டேன். ஏழுக்கு நாளை மறுநாள் கம்பி விடப்போவது அவருக்குத் தெரியும். துண்டை நீட்டியபடி, "மொதல்ல அந்த ஏழு பொழைக்குதான்னு பாப்போம். பொழைச்சா வாரேன்."

14 மார்ச்
இன்று ஏழின் முறை. மின்னதிர்ச்சி கொடுத்தாயிற்று. ஓர் ஆட்டுக்காக ஜெபமாலை சொன்ன முதல் கிறிஸ்தவள் நானாகத்தான் இருப்பேன்.

15 மார்ச்
எழுந்து புல் தின்றது! லூயிஸ் வேலியோரம் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். "சரி, போலாம்."

18 மார்ச்
ஆஸ்பத்திரி. கம்பி வேண்டாம், இப்போதைக்கு மாத்திரை போதும் என்றார்கள். லாரிச் சாவி என்னிடம்.

2 ஏப்ரல்
பதினைந்து நாளாகப் படபடப்பு இல்லை. மாத்திரை போடுமுன் தினமும் ஏழாம் நம்பரை விசாரிக்கிறார். என்னை விசாரிப்பதில்லை.

11 ஏப்ரல், வியாழன்
நாலு வாரம் கழித்து ஆட்டை அறுத்து இதயத்தைப் பார்ப்பதுதான் எப்போதும் முறை. லூயிசிடம் இதைச் சொன்னதில்லை. இன்று ஏழாம் நம்பரை அறுத்துப் பார்த்தோம். துவரம்பருப்பு அளவு தழும்பு, சுத்தமாக ஆறியிருந்தது. டாக்டருக்கு ஏகச் சந்தோஷம்.
வீட்டில் லூயிஸ் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "ஏழு எப்படி இருக்கு?"
"கொழுத்துப் போச்சு" என்றேன்.
தண்ணீர் ஊற்றி விழுங்கினார்.